கடைசிச் சட்டை

நாய், பூனை மாதிரி டரான்டுலா சிலந்தியை வளர்ப்பவர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர். உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் ரோமம். பெண்ணாக வாங்கினால் இருபது வருஷத்துக்கு மேலும் இருக்கும். வீட்டு லோனே முடிந்துவிடும்! ஆணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கொலராடோவில் இருக்கும் என் நண்பன் ‘டெக்ஸாஸ் பிரவுன்’ ஆண் ஒன்று வைத்திருக்கிறான். போன மாதம் போன்.

‘‘டேய், சட்டை உரிச்சதிலேர்ந்து சரியா சாப்பிட மாட்டேங்குது. ராத்திரி பூரா பெட்டிக்குள்ளேயே நடக்குது. உடம்புக்கு என்னவோ?’’

உடம்புக்கு ஒன்றுமில்லை சார், வயசுக்கு வந்துவிட்டது! எட்டுப் பத்து வருஷம் வளர்ந்து, ஆண் தன் கடைசிச் சட்டையை உரிக்கிறது. வெளியே வரும்போது வாயருகே உள்ள இரண்டு குட்டிக் கைகளும் பாக்ஸிங் கிளவுஸ் மாதிரி உருண்டிருக்கும். அதில்தான் விந்துச் சேமிப்பு. முன்னங்காலில் கொக்கி, அது பெண்ணின் விஷப்பல்லைத் தடுத்துப் பிடிக்க. (ஆயுதத்தோடு போகிற மாப்பிள்ளை!) அப்புறம் சாப்பாடு இரண்டாம்பட்சம். பெண் தேடி நடை, நடை, நடை. லா ஹுன்டா ஊர்ப்பக்கம் செப்டம்பர், அக்டோபரில் இவர்கள் ரோட்டைக் கடப்பதைப் பார்க்கவே கூட்டம் வருகிறது. 2022-ல் திருவிழாவே ஆரம்பித்துவிட்டார்கள்.

பெண் வளர்ந்த பிறகும் சட்டை மாற்றிக்கொண்டே இருக்கும். ஆண் மறுபடி உரிக்க முயன்றால், அந்த கிளவுஸ் சிக்கிப் பெரும்பாலும் உயிரே போகும். வெளியில் குளிர்காலம் வந்தால் முடிந்தது. பெட்டிக்குள் சில மாதம், மிஞ்சினால் ஒரு வருஷம், சிலதுக்குக் கொஞ்சம் கூட.

‘‘பெண் வெச்சிருக்கற ஒருத்தர் கடன் கேக்கறார்டா. பிறக்கற குஞ்சுல பாதி நமக்கு. ஆனா அவ இவனைத் தின்னுட்டா?’’

பி.காம். படித்தவனுக்கு ஃபிஃப்டி-ஃபிஃப்டி என்றால் நாக்கில் எச்சில் ஊறும். ஆனாலும் நான் கணக்குப் பார்த்துச் சொல்லவில்லை. ‘‘அனுப்பு. அது நடக்கறதே அதுக்குத்தானே!’’ என்றேன்.

திரும்பி வந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தண்ணீர்த் தட்டு காலியாகக் கூடாது. சின்னதாக ஒரு சுவர்க்கோழி (பேர்தான் கோழி, பூச்சிதான்!) போடலாம், தொடவில்லையென்றால் எடுத்துவிட வேண்டும். வேட்டைக்குத் தெம்பில்லையா, கொன்று கிட்டே வைக்கணும். உயரமான பெட்டி வேண்டாம், விழுந்தால் வயிறு கிழியும். கையில் எடுத்துக் கொஞ்சவும் வேண்டாம்.

‘‘அவ்வளவுதானா?’’ என்றான், ஏமாற்றமாக.

அவ்வளவுதான். சாப்பிடு, சாப்பிடு என்று பிடுங்காமல், தண்ணீரை மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். வீட்டில் தாத்தா பாட்டியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும், அந்தச் சும்மா எவ்வளவு கஷ்டம் என்று.