அறை வாங்கியவர் கேட்ட கேள்வி

மறு கன்னத்தைக் காட்டு என்கிற பாடம் சேரிக்கு மட்டும் எத்தனை தடவை நடத்தப்பட்டிருக்கிறது? யாராவது கணக்குப் பார்த்ததுண்டா தோழர்களே? ஊர்த்தெருவில் அந்தப் பாடம் நடந்து நான் கேட்டதில்லை. சேரிக் கிறித்தவனாகப் பிறந்து வளர்ந்த எனக்கு, விசுவாசம் என்றால் பொறுமை, பொறுமை என்றால் வாயை மூடிக்கிட்டு இருப்பது என்றுதான் சொல்லித் தந்தார்கள்.

ஆனால் தலைமைக் குருவின் முன்னால் விசாரணை நடந்தபோது, காவலன் ஒருவன் இயேசுவை அறைகிறான். அவர் மறு கன்னத்தைக் காட்டவில்லை. திருப்பி அடிக்கவும் இல்லை. நான் பேசியதில் தப்பிருந்தா சொல்லு, இல்லேன்னா ஏன் அடிச்சே என்று கேட்கிறார். யோவான் எழுதிய நற்செய்தியில் இருப்பது இது. பெரிய வெள்ளிதோறும் கோயிலில் வாசிக்கிறார்கள். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை கிறித்தவத் துணிச்சல் என்பது இந்தக் கேள்விதான்.

இந்தத் துணிச்சலைத் திருச்சபை எங்கே கொண்டாடுகிறது, எங்கே மறைக்கிறது என்பதைப் பார்க்க 2008 ஒரு வருடம் போதும்.

அந்த ஆகஸ்டில் ஒரிசாவின் கந்தமாலில் லட்சுமணானந்த சரஸ்வதி கொல்லப்பட்டார். மாவோயிஸ்டுகள் பொறுப்பேற்ற பிறகும் பழி கிறித்தவர்கள் தலையில் விழுந்தது. வீடுகளும் கோயில்களும் எரிந்தன. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் காட்டுக்கும் முகாமுக்கும் ஓடினார்கள். அரசுக் கணக்கிலேயே செத்தவர்கள் 39 பேர். திருச்சபை அமைப்புகள் சொல்லும் எண் இன்னும் பெரியது. யார் இவர்கள்? பெரும்பாலும் பாண சாதி தலித்துகள், கூடவே கந்தப் பழங்குடிகள். இந்துவாகித் திரும்பினால்தான் ஊரில் இடம் என்று மிரட்டினார்கள். பலர் முடியாது என்றார்கள். பிள்ளைகுட்டியோடு உயிருக்குப் பயந்து சடங்குக்குத் தலைகொடுத்தவர்களையும் கோழைகள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல, பத்திரமாய் உட்கார்ந்திருக்கும் எவனுக்கும் யோக்கியதை கிடையாது.

கந்தமாலுக்காகத் தமிழகக் கிறித்தவர்களும் கண்ணீர் விட்டார்கள், செபித்தார்கள். சரிதான். ஆனால் அதற்கு ஐந்து மாதம் முன்னால், மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில் என்ன நடந்தது? கோயிலில் தனி இடம், சவத்துக்குத் தனி வழி, தனிக் கல்லறை என்று ஒதுக்கப்பட்டிருந்த தலித் கத்தோலிக்கர்கள், இனி எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்க என்று போராடினார்கள். மார்ச் 9 அன்று வன்னியக் கத்தோலிக்கர்கள் சேரியைத் தாக்கினார்கள். வீடுகள் நொறுங்கின. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் தரப்பில் இருவர் செத்தார்கள். சாதி, தன் பிள்ளையையும் தின்னும்.

கந்தமால் தலித் விசுவாசத்துக்காக நின்றால் அது சாட்சியம். எறையூர் தலித் அதே விசுவாசத்தின் பேரில் சமத்துவம் கேட்டால் அது ‘பிரச்சினை’. இது என்ன நியாயம்? வெளியிலிருந்து அடி விழும்போது சிலுவை. உள்ளிருந்து விழும்போது ‘ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுங்கப்பா’. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவனுக்கும் சாதி பார்த்து எழுந்த சுவரை, மதவெறியன் எவனும் வந்து கட்டவில்லை. ஞானஸ்நானம் வாங்கிய கைகள்தான் கட்டின.

அரசின் அறை தனி. 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத தலித்தைப் பட்டியலுக்கு வெளியே தள்ளியது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்தத் தடையை நீக்கச் சொன்னது, நீக்கவில்லை. ஆக, தாலுகா ஆபீசில் ‘கிறித்தவர்’ என்று உண்மையைச் சொல்கிற தலித் பையன், தன் படிப்பையும் வேலையையும் பந்தயம் வைத்துத்தான் சொல்கிறான். பிரசங்க மேடையில் இருக்கிறவர்கள் ஒரு வார்த்தைக்கு இவ்வளவு விலை கொடுத்ததுண்டா? சான்றிதழுக்காக இந்து என்று எழுதிவிட்டு ஞாயிறு பூசைக்கு வருகிறவனை ஏளனம் செய்வதை முதலில் நிறுத்துங்கள். அவனை ரெட்டை வாழ்க்கைக்குத் தள்ளிய சட்டத்தைக் கேளுங்கள்.

2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு அதைப் பெரிய சமூகப் பாவம் என்றது. 2022இல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் பாவம் என்று தாளில் எழுதினால் போதுமா? பாவத்துக்குப் பரிகாரம் உண்டென்று எங்களுக்குக் கற்பித்தவர்களே நீங்கள்தானே? தலித் வீட்டுத் திருவிழா வரியை வாங்க மறுக்கிற ஊரில் திருவிழாவை நிறுத்துங்கள். தேர் சேரிக்குள் வராவிட்டால் தேரே வேண்டாம். இதற்கு ஆயர்களுக்கு எந்தச் சட்டமும் தடையில்லை. துணிச்சல்தான் தடை.

மாணவத் தோழர்களே, உங்களில் மத நம்பிக்கை இல்லாதவர்கள் அதிகம் என்று தெரியும். சண்டை வேண்டாம். எங்க சனம் விசுவாசத்தை விடாதது ஏமாளித்தனத்தால் அல்ல. அறை வாங்கியும் கேள்வி கேட்ட ஒருவரை அங்கே அடையாளம் கண்டதால்தான். அந்தக் கேள்வியை ஊர்க்கோயிலிலும் தாலுகா ஆபீசிலும் கேட்பது மத வேலை அல்ல, விடுதலை வேலை. கூட நில்லுங்கள்.