கடலுக்குப் போகும் மலைப் பிள்ளைகளுக்கு



இந்த வருஷ டூர் ராமேஸ்வரம் என்றதும் வகுப்பே துள்ளிக் குதிக்கிறது. போன வருஷம் மாமா வீட்டாரோடு போய் வந்தவள் என்பதால் நான் நாலு வார்த்தை சொல்லலாம்.

ஏற்காட்டுக்கு வருகிறவர்களைப் பார்த்து நாம எப்படிச் சிரிப்போம்! பகோடா பாயின்ட் பாறை விளிம்பில் நின்று போட்டோ எடுப்பார்கள். குரங்குக்கு சிப்ஸ் கொடுத்துவிட்டு அலறுவார்கள். பாம்பன் பாலத்தைத் தாண்டினால் அந்த ஆள் நாமதான்.

ஸ்வெட்டர் வேண்டாம் (நான் எடுத்துப்போனேன், சிரிக்காதீங்க). காட்டன் துணி, தொப்பி, தண்ணி பாட்டில் போதும். குடையைக் காற்று திருப்பிவிடும். பாலத்தில் தூங்கிடாதீங்க. 2025-ல் திறந்த புது ரயில் பாலம் பக்கத்திலேயே தெரியும். கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி மேலே போகுமாம். கோயிலில் 22 தீர்த்தம், வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். ஈரத்துணியோடு சாமி பார்க்க விடமாட்டார்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்தது, பயணிகளோடு வந்த ரயிலையும் கடல் கொண்டுபோனது. இடிந்த சர்ச் இன்னும் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு அரிச்சல்முனைக்குப் போனோம். சங்கு விற்கிற பாட்டி ஒருத்தர், "புள்ளைகளா, இங்க இறங்காதீங்க. ரெண்டு கடல் சேர்ற இடம், உள்ளுக்குள்ள இழுக்கும்" என்றார். எங்க அண்ணன் கிணத்துல நல்லா நீந்துவான். "முழங்கால் தண்ணிதானே பாட்டி" என்று இறங்கினான். காலுக்கடியில் மணல் அப்படியே நழுவி விழுந்துட்டான். மாமா சட்டையைப் பிடித்து இழுத்ததால் வந்தான். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

அதனால் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தனுஷ்கோடிக்குக் கடைசியில் ஒரு மணி நேரம், கடைவீதிக்கு ரெண்டு மணி நேரம் என்று போடாதீங்க. சாயங்காலம் ஆனால் அங்கே உள்ளேயே விடமாட்டார்கள். காலையில் முதலில் அதைப் பார்க்கணும். அரிச்சல்முனையில் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, நீச்சல் தெரிந்தவர்களும்தான். குளிக்க ஆசைப்பட்டால் அக்னி தீர்த்தக் கடல் அலையில்லாமல் அமைதியாக இருக்கும். அங்கேயும் சார், டீச்சர் நிற்கும்போது மட்டும்.

மாற்றுத்துணி ஒரு செட் பத்தாது, ரெண்டு செட் எடுத்துக்கோங்க.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி