தேனுக்குள் ஒரு சாட்சி

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைத் தேனுக்குத் தனி மதிப்பு உண்டு. மதிப்புள்ள பொருளில்தான் கலப்படம் புகும்.

சர்க்கரைப் பாகு கலந்த தேனைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரில் விட்டுப் பார்ப்பதும், நாய்க்கு வைத்துப் பார்ப்பதும் நம்பத்தக்க சோதனைகள் அல்ல.

பிறகு என்ன வழி?

தேனிலும் சர்க்கரையிலும் கார்பன் இருக்கிறது. கார்பன் அணுக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று சற்றுக் கனமானது. அதன் பெயர் "கார்பன் 13". அதில் கதிர்வீச்சு கிடையாது.

கரும்பிலும் மக்காச்சோளத்திலும் இது கொஞ்சம் கூடுதலாக இருக்கும். தேனீ நாடும் பெரும்பாலான பூச்செடிகளில் குறைவு. இந்த வித்தியாசத்தை ஆய்வுக்கூடக் கருவி காட்டிக் கொடுத்துவிடும்!

ஆனால், நெல்லும் பூச்செடிகளைப் போன்றதே. ஆகவே, அரிசியில் காய்ச்சிய பாகு இந்தச் சோதனைக்குத் தப்பிவிடும். அதைப் பிடிக்க வேறு சோதனைகள் வேண்டும்.

2020-ல் டெல்லியில் உள்ள அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 13 கம்பெனிகளின் தேனை ஆராய்ந்தது. எல்லாச் சோதனைகளிலும் தேறியவை 3 மட்டுமே என்று அது அறிவித்தது.

பாகு கலந்தவன் மலிவாக விற்கிறான். பாறையில் ஏறி, கொட்டு வாங்கித் தேன் எடுப்பவருக்கு விலை கிடைப்பது இல்லை. நல்ல தேன் என்று நிரூபிக்கும் செலவையும் அவர் தலையில் கட்டுவது நியாயமா?

மலைத்தேனைச் சோதித்துச் சான்று கொடுக்கும் பொறுப்பை அரசே ஏற்கவேண்டும். குழந்தையின் நாவில் தடவும் தேன், தேனாகவே இருக்கட்டும்!