ஜெபம் செய்ய ஓர் இடம்!

சோறு போடுவதற்கு யாராவது தடை சொல்வார்களா?

சொன்னார்கள்! திண்டுக்கல் மாவட்டம், ஆத்தூர் தாலுகா, பஞ்சம்பட்டியில் 2025-ம் ஆண்டு நடந்த சங்கதி இது. அந்த ஊரில் கிறிஸ்தவர்கள் அதிகம், இந்துக்கள் குறைவு. கோவில் விழாவை ஒட்டி, ஊர் மைதானத்தில் அன்னதானம் செய்ய இந்துக்கள் அனுமதி கேட்டார்கள். கிறிஸ்தவர்கள் ஆட்சேபித்தார்கள். அது ஈஸ்டர் நாடகம் நடக்கும் இடம் என்றும், நூறு ஆண்டுகளாகத் தாங்களே அதைப் பயன்படுத்தி வருவதாகவும் கூறினார்கள். தாசில்தார் அனுமதி மறுத்துவிட்டார்.

வழக்கு மதுரை ஐகோர்ட்டுக் கிளைக்குப் போயிற்று. மைதானம் பொது இடம், எல்லா மதத்தாருக்கும் அதில் பாத்தியதை உண்டு என்று கூறி, அன்னதானத்துக்கு அனுமதி அளித்தது கோர்ட்டு.

கிறிஸ்தவர்களின் ஜெபக்கூடத்தைப் பற்றி எழுத வந்தவன், இந்துக்களின் அன்னதானத்தில் ஆரம்பிக்கிறானே என்று நினைக்கிறீர்களா? காரணம் இருக்கிறது. பஞ்சம்பட்டியில் இந்துக்கள் நின்ற இடத்தில், பக்கத்து ஊர்களில் சின்னஞ்சிறு கிறிஸ்தவ சபைகள் நிற்கின்றன. அவர்களுக்கும் சொல்லப்படுவது அதே பதில்தான்: "கலகம் வரும், வேண்டாம்!"

பழைய கோவில், புதிய சபை

திண்டுக்கல்லுக்குக் கிறிஸ்தவ சமயம் புதிதல்ல. அமெரிக்கன் மிஷன் 1835-லேயே இங்கு வந்துவிட்டது. 19-ம் நூற்றாண்டில் எழுந்த புனித வளனார் ஆலயம் இன்று பேராலயம். 2003-ல் திண்டுக்கல் தனி மறைமாவட்டமும் ஆயிற்று.

இந்தப் பழைய சபைகளுக்கு அந்த நாளிலேயே நிலம் கிடைத்தது. ஊர் வளர்ந்து வந்து ஆலயத்தைச் சூழ்ந்துகொண்டது. ஆகவே, "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று யாரும் கேட்பதில்லை.

புதிய சபையின் கதை வேறு. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீட்டில் ஜெபம் செய்கின்றன. பத்து இருபதாகிறது, கூடத்தில் இடம் போதவில்லை. வீட்டுமனைப் பிரிவில் ஒரு மனை வாங்கித் தகரக் கொட்டகை போடுகிறார்கள். அக்கம்பக்கத்தார் மனுக் கொடுக்கிறார்கள். அதிகாரி வருகிறார். "வீடு கட்ட அனுமதி வாங்கிய மனையில் ஜெபக்கூடம் எப்படி?" என்று கேட்கிறார். தாலுகா அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் நடக்கிறது. அதற்குப் பிறகு கொட்டகைக்குப் பூட்டு! நம் ஊருக்கும் பூட்டுக்கும் உள்ள உறவு தெரிந்ததுதான். ஆனால், இந்தப் பூட்டுக்குச் சாவி யாரிடம் என்பதுதான் சபையாருக்குத் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு, எவரும் தம் மதத்தைப் பின்பற்றலாம், பரப்பலாம் என்கிறது. 26-வது பிரிவு, மத நிறுவனங்களை அமைத்து நடத்தும் உரிமையைத் தருகிறது. பொது அமைதி, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டே இவை செல்லும்.

இந்தப் "பொது அமைதி"யில்தான் முடிச்சு இருக்கிறது. தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கான 1997-ம் ஆண்டுக் கட்டட விதிகள், எந்த மதமானாலும் சரி, பொது வழிபாட்டுக்குக் கட்டடம் கட்டும் முன் கலெக்டரின் அனுமதி பெற வேண்டும் என்றன. அமைதி கெடும் என்று கருதினால் அவர் மறுக்கவும் இடம் வைத்தன.

சர்க்காரின் பயத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. 1982-ல் கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காட்டில் மதக் கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூடு வரை போனதை யார் மறக்க முடியும்? அனுமதி கேட்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். "கலகம் வரும்" என்று சொல்கிறவர் யார்? பல சமயங்களில், கலகம் செய்யப்போகிறவரே அதைச் சொல்கிறார்! அவரைக் கண்டிக்க வேண்டிய அதிகாரி, ஜெபம் செய்ய வந்தவரைத் திருப்பி அனுப்பினால், மிரட்டுகிறவனுக்குக் கலெக்டரின் கையெழுத்தைத் தூக்கிக் கொடுத்ததாகாதா?

சபையார் செய்யும் பிழை

சபையார் பக்கமும் தவறு உண்டு, மறைக்க வேண்டியதில்லை. வீடு என்று எழுதிக் கொடுத்து மண்டபம் கட்டுகிறார்கள். கேட்டால் கிடைக்காது என்று கேட்காமலே கட்டுகிறார்கள். பிறகு ஒலிபெருக்கி! பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, காய்ச்சலில் கிடக்கும் கிழவி, இரவு வேலை முடித்து வந்து தூங்குகிறவர் எல்லோரும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள்.

சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபையின் மீது அக்கம்பக்கத்தார் போட்ட வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. ஒலிபெருக்கி வைத்து, முரசு அடித்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என 2000-ம் ஆண்டு தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்பு கோவிலுக்கும் பொருந்தும், மசூதிக்கும் பொருந்தும். ஆடி மாதத்தில் நம் தெருக்களில் நடப்பதை நினைத்துப் பார்த்தால், யாரும் யாரையும் விரல் நீட்ட முடியாது!

ஒரு பதில் போதும்

தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 2011-ம் ஆண்டுக் கணக்குப்படி 44 லட்சம் பேர். நூற்றுக்கு ஆறு பேர். அவர்களில் புதிய சபையாரும் உண்டு. அவர்கள் கேட்பது சலுகை அல்ல. மனுக் கொடுத்தால் ஒரு பதில்! அதுகூட மாதக்கணக்கில் வருவதில்லை என்பதே அவர்களின் மனக்குறை.

அறுபது நாளில் பதில் என்று கெடு வைக்கட்டும். மறுப்பதானால் காரணத்தை எழுதிக் கொடுக்கட்டும். பாதை குறுகல், வண்டி நிறுத்த இடம் இல்லை, கட்டடம் உறுதியாக இல்லை என்பவை காரணங்கள். வேறு மனை பார்த்தோ, கட்டடத்தைத் திருத்தியோ சரிசெய்யலாம். "அக்கம்பக்கத்தாருக்குப் பிடிக்கவில்லை" என்பதை எந்தக் கொத்தனாரைக் கொண்டு சரிசெய்வது?

பஞ்சம்பட்டி மைதானத்தைப் பற்றிய தீர்ப்பு, மதுரைக் கிளையிலிருந்து கிடைத்தது. வழக்குப் போட வக்கீல் வேண்டும். வக்கீலுக்குப் பணம் வேண்டும். கூலிக்குப் போகும் இருபது குடும்பங்கள் எங்கே போகும்? ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒரு மண்டபத்தை வாடகைக்குப் பேசிக்கொள்கிறார்கள். முகூர்த்த நாள் வந்துவிட்டால், அந்த வாரம் மண்டபமும் இல்லை!