பீரங்கி ஜன்னல்களைக் கொஞ்சம் மூடுங்கள்

மரத்தில் செய்த பாய்மரப் போர்க்கப்பல் மாதிரி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கிறவரின் கண் முதலில் பாய்களுக்குப் போகும். அடுத்து, பக்கவாட்டில் வரிசை வரிசையாகத் திறந்து கிடக்கும் சதுர ஜன்னல்களுக்கு வரும். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு பீரங்கி மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேலே, ஒரே கோணத்தில் தூக்கி நிறுத்திய கதவு. பார்க்க அழகுதான். ஆனால் உண்மையான கப்பல் கடலில் இப்படி நின்ற நேரம் மிகக் குறைவு. கயிறுகளுக்கு மாதக்கணக்கில் உழைக்கிறவர்கள்கூட, இந்தக் கதவுகளைக் கடைசியில் மாதிரி செய்வதற்கான உதிரிபாகப் பெட்டியிலிருந்து எடுத்துப் பசை தடவி ஒட்டிவிடுகிறார்கள். மாதிரிக்கப்பல் கலையில் இதைவிடத் தலைகீழான முன்னுரிமை வேறில்லை.

இந்தக் கதவு ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். பெரிய பீரங்கிகளை மேல்தளத்தில் வைத்தால் கப்பல் தலைகனத்துச் சாயும். எடை கீழே இருக்க வேண்டும். கீழே வைத்தால், சுடுவதற்குக் கப்பலின் உடம்பில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஓட்டை போட்டாக வேண்டும். அந்த ஓட்டையைக் கடல் கொந்தளிக்கும்போது அடைக்க முடிந்தாலொழிய யாரும் அந்தத் துணிச்சலுக்குப் போக மாட்டார்கள். 1501-ஆம் ஆண்டில் பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்தைச் சேர்ந்த தெஷார்ஜ் என்ற கப்பல் கட்டுநர் கதவு வைத்த பீரங்கி ஜன்னலைக் கண்டுபிடித்தார் என்பது மரபாகச் சொல்லப்படும் கதை. அதற்கு முன்பே சான்றுகள் உண்டு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். யார் முதலில் செய்திருந்தாலும், அடுத்த மூன்று நூற்றாண்டுக் கடற்போர் முழுக்க அந்தக் கீல் வைத்த பலகையை நம்பித்தான் நடந்தது.

நம்பிக்கை பொய்த்த இடங்களும் உண்டு. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ், 1545 ஜூலை 19 அன்று பிரெஞ்சுக் கடற்படையை எதிர்கொண்ட வேளையில் சாய்ந்து மூழ்கியது. ஏன் சாய்ந்தது என்பதில் இன்றும் விவாதம் இருக்கிறது; உள்ளே தண்ணீர் புகுந்த வழி திறந்திருந்த பீரங்கி ஜன்னல்கள் என்பதில் பெரிய தகராறு இல்லை. சுவீடனின் வாசா கதை இன்னும் கசப்பானது. 1628 ஆகஸ்ட் 10, முதல் பயணம். கரையில் கூட்டம். மரியாதைக் குண்டு முழங்குவதற்காகக் கதவுகளைத் திறந்து வைத்திருந்தார்கள். கப்பல் ஏற்கெனவே நிலை தளர்ந்த கட்டுமானம். ஒரு காற்று வீச்சில் சாய்ந்தது, கீழ்வரிசை ஜன்னல்கள் நீரைத் தொட்டன, அவ்வளவுதான். சுமார் 1,300 மீட்டர் தூரம் போயிருந்தது. காட்சிக்காகத் திறந்து வைத்த கதவுகள் ஒரு கப்பலையே விழுங்கின என்றால் மிகையில்லை. இன்றைய மாதிரிகளில் நடப்பதும் அதே காட்சி ஆசைதான். நல்லவேளை, கண்ணாடிப் பெட்டிக்குள் தண்ணீர் இல்லை.

ராயல் ஜார்ஜ் என்ற பிரிட்டிஷ் கப்பலின் வரலாற்றில் ஒரு விசித்திரம் உண்டு. 1759 நவம்பர் 20 அன்று கிபெரோன் வளைகுடாவில் கொந்தளிக்கும் கடலில் பிரெஞ்சுப் படையுடன் நடந்த சண்டையில் அது தளபதி ஹாக்கின் தலைமைக் கப்பல். அதே சண்டையில் பிரான்ஸின் தெஸே, கீழ்த்தளப் பீரங்கிகளைப் பயன்படுத்தத் துணிந்து ஜன்னல்களைத் திறந்தது. அலை உள்ளே பாய்ந்து கவிழ்ந்தது. பிழைத்தவர்கள் மிகச் சிலர். 1782 ஆகஸ்ட் 29 அன்று ராயல் ஜார்ஜுக்கே அந்தக் கதி. ஸ்பிட்ஹெட்டில் நங்கூரமிட்டு, பழுது பார்ப்பதற்காக வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்த்து வைத்திருந்தார்கள். கீழ் ஜன்னல்கள் திறந்திருந்தன. 800-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கப்பலைப் பார்க்க வந்திருந்த பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. புயலும் இல்லை, எதிரியும் இல்லை.

ஆகவே மாதிரி செய்கிறவர் கதவைத் தொடும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: இந்தக் கப்பல் இப்போது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது? துறைமுகத்தில் என்றால், உள்ளே காற்றும் வெளிச்சமும் போகச் சில கதவுகள் திறந்திருக்கலாம், பீரங்கிகள் உள்ளிழுக்கப்பட்டிருக்கும். ஆழ்கடலில் காற்று பலமாக அடிக்கிறது என்றால் கீழ்வரிசை இறுக மூடியிருக்கும். இடுக்குகளில் நார் திணித்து அடைத்திருப்பார்கள். சண்டை என்றால் எல்லாம் திறக்கும், ஆனால் அப்போது வழக்கமாகப் பெரிய பாய்களைச் சுருட்டிவிடுவார்கள். எல்லாப் பாயும் விரித்து, எல்லாக் கதவும் திறந்து, எல்லாப் பீரங்கியும் நீட்டி நிற்பதற்கு அரிதாகவே இடமுண்டு. 1805 அக்டோபர் 21 காலை, டிரஃபால்கர் கடற்போரில் மெல்லிய காற்றில் பிரிட்டிஷ் கப்பல் விக்டரி எதிரியை நோக்கி ஊர்ந்தது அப்படிப்பட்ட அரிய வேளை. அந்தக் காலையைத்தான் காட்டுகிறேன் என்று சொல்கிறவரிடம் வாதாட ஒன்றுமில்லை. மற்றவர்கள் கீழ்வரிசையை மூடட்டும். கப்பலுக்குள் தளமே இல்லாமல், கட்டையில் துளையிட்டு அரைப் பீரங்கியைச் செருகும் மலிவான உதிரிபாகப் பெட்டிகளுக்கு மூடிய கதவே நேர்மையானது.

திறப்பதோ மூடுவதோ, கதவு கதவாக இருக்க வேண்டும். பல பெட்டிகளில் வரும் வார்ப்பு உலோகக் கதவுகள் இங்கேதான் ஏமாற்றுகின்றன. ஜன்னலைச் சுற்றிப் படச்சட்டம்போலப் புடைத்து நிற்கும் ஒரு நிலையையும் சில நிறுவனங்கள் சேர்த்துத் தருகின்றன. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் அப்படி எதுவும் கிடையாது. அங்கே வெளிப்பலகை ஜன்னலின் விளிம்புக்குச் சற்று முன்பே நின்றுவிடும்; அதனால் உண்டாகும் சின்னப் படியில் கதவு போய் உட்காரும், கப்பலின் பக்கத்தோடு சமமாக. கதவின் வெளிப்புறம் கப்பலின் பலகை வரிகளையே தொடரும். இடையில் தடித்த காப்புப் பலகை ஓடினால், கதவிலும் அந்தத் தடிப்பு வரும். உட்புறத்தில் இன்னொரு அடுக்கு, குறுக்காக. மூடினால் வரி தப்பாமல் சேர வேண்டும்.

கணக்கு போட்டுப் பார்த்தால் சிரமம் புரியும். முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகமான கதவு 1:72 அளவில் ஏறக்குறைய 11 மில்லிமீட்டர். 5 சென்டிமீட்டர் படி 0.7 மில்லிமீட்டர். இந்த அளவில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டி ஒட்டுவதைவிட, பலகை அடித்து முடித்த பக்கத்திலிருந்தே ஜன்னல் துண்டை மெல்லிய வாளால் அறுத்தெடுத்து அதையே கதவாக்குவது நல்லது. வரிகள் தாமாகப் பொருந்திவிடும்.

கோணத்திலும் ஒரு பொறி இருக்கிறது. தளம் முன்னும் பின்னும் மேலேறி வளைந்திருக்கும். ஜன்னலின் கீழ்விளிம்பும் மேல்விளிம்பும் அந்த வளைவோடு போகும். பக்க விளிம்புகள் மட்டும் செங்குத்தாக நிற்கும். எனவே இரு முனைகளுக்கு அருகே உள்ள ஜன்னல்கள் உண்மையில் சதுரமல்ல, லேசாகச் சரிந்த நாற்கரங்கள். அச்சில் வெட்டிய சதுரக் கதவுகளை அங்கே ஒட்டினால் வரிசை படிக்கட்டுபோல் தெரியும். திறந்த கதவைத் தூக்கிப் பிடிக்கும் கயிறுகளையும் மறக்கக்கூடாது: கீழ்விளிம்பு வளையங்களில் கட்டி, ஜன்னலுக்கு மேலுள்ள துளை வழியாக உள்ளே போகும். கயிறில்லாத கதவு காற்றில் மிதப்பதுபோல் இருக்கும். அதோடு, எல்லா ஜன்னலுக்கும் கதவு உண்டு என்றும் எண்ண வேண்டாம். பின்மேல்தளத்துத் திறப்புகள் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தன.

நிறத்தில் வாசாவே நல்ல எச்சரிக்கை. அதன் கதவுகளின் உட்புறம் சிங்க முகங்கள் செதுக்கியவை. கதவு திறந்தால்தான் எதிரி அவற்றைப் பார்ப்பான். 1961-இல் கப்பலை வெளியே எடுத்த பிறகும் வெகுகாலம் அது நீல வண்ணம் பூசியது என்றே கருதப்பட்டது. பழைய மாதிரிகள் பல நீலத்தில் நிற்பது அதனால்தான். பிற்கால ஆய்வு சிவப்பு என்றது. ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தின் 1:10 மாதிரி சிவப்பில்தான் நிற்கிறது. போர்க்கப்பல்களின் உட்புறச் சிவப்பு ரத்தக்கறை தெரியாமலிருக்கத்தான் என்ற கதை கேட்க நன்றாக இருக்கிறது. செங்காவி மலிவாகக் கிடைத்தது என்ற சாதாரணக் காரணம் அதைவிட நம்பத்தக்கது.

ஏற்கெனவே எல்லாக் கதவையும் தூக்கி ஒட்டிவிட்டவர்கள் மாதிரியை உடைக்கத் தேவையில்லை. வெள்ளை மரப்பசை என்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவிச் சிறிது நேரம் விட்டால் இளகும். சாயத்தில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். கீழ்வரிசையை மட்டும் எடுத்து, பீரங்கிகளை உள்ளே தள்ளி, கதவுகளை இறக்கி ஒட்டலாம். ஒரு பக்கம் முழுக்கத் திறந்தும் மறுபக்கம் மூடியும் வைத்தால் இரண்டு நிலைகளையும் ஒரே கப்பலில் காட்டலாம். கண்ணாடிப் பெட்டியைச் சுவரோரம் வைக்காதவர்களுக்கு இது வசதி.