ஸ்டியரிங் சொன்ன சேதி

போன மாதம் ஒரு ஞாயிறு, அப்பாவை ஏற்றிக்கொண்டு காராக் நெடுஞ்சாலை வழியாகப் பெந்தோங் கிளம்பினேன். நல்ல மழை. என் பழைய மஸ்டா எம்எக்ஸ்-5, லாரிகள் அழுத்திய தடத்திலெல்லாம் இடமும் வலமுமாக இழுத்தது. அப்பா எதுவும் சொல்லவில்லை. கதவுப் பிடியை மட்டும் விடவில்லை.

தப்பு என்னுடையது. முந்தின வாரம்தான் டயர் கடையில், “அண்ணே, ஸ்டியரிங் வெடுக்குனு திரும்பணும்” என்று கேட்டிருந்தேன்.

மறுநாள் அந்த அண்ணன் அளவுத் தாளை நீட்டினார். “நீங்க கேட்டதைத்தான் வெச்சேன் தம்பி. டோ-அவுட்.”

முன் சக்கரங்களின் முன்பக்கம் சற்றே வெளியே பார்த்தால் டோ-அவுட். வளைவில் கார் சட்டெனத் திரும்பும், நேர்ச்சாலையில் அலைபாயும். டயரின் உள் ஓரமும் தேயும். உள்ளே பார்த்தால் டோ-இன், நேராக ஓடும்.

சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்வது நெகட்டிவ் கேம்பர். வளைவில் பிடி கொடுக்கும். சைக்கிளின் முன்கவட்டை போல ஸ்டியரிங் அச்சு பின்னால் சாய்வது காஸ்டர். கூட்டினால் கைக்குக் கனம் தெரியும். ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பும்.

பல குடும்பக் கார்களில் முன்னால் டோ மட்டும்தான் மாற்றலாம். இதில் மூன்றையும் மாற்றலாம். காஸ்டரை இரு பக்கமும் சமமாகக் கூட்டி, கேம்பரைச் சரிசெய்து, டோவைக் கடைசியில் சற்றே உள்ளே வைத்தார். மற்ற இரண்டையும் தொட்டால் டோ மாறிவிடுமாம்.

நீங்களும் அலைன்மெண்ட் செய்தால், முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த ஞாயிறு அதே சாலை, அதே மழை. அப்பா பெந்தோங் வரை தூங்கிக்கொண்டு வந்தார்.