மாமா கையில் கேமரா... மணமேடையில் யார்?

2022 ஜூன் 9. மாமல்லபுரம் அருகே ஒரு கடற்கரை ரிசார்ட்டில் நயன்தாரா - விக்னேஷ் சிவன் திருமணம். வந்த விருந்தினர்களின் செல்போன் கேமராக்கள் மீது ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே அனுப்பினார்கள் என்பது அன்று பெரிய செய்தி. உள்ளே நடந்தது எப்படி இருந்தது என்பதை மற்றவர்கள் முழுதாகப் பார்க்க, 2024 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் ஆவணப்படம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் வீட்டுக் கல்யாணங்களில் கதை நேர் எதிர். யார் போனுக்கும் ஸ்டிக்கர் இல்லை. கெட்டிமேளம் கொட்டியதும் முந்நூறு கைகள் போனோடு உயரும். மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆயிரம் படங்கள் வந்து விழும். ஆனால், பாட்டி பேத்தியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்த அந்தப் படம் மட்டும் யாரிடமும் இருக்காது.

அந்தப் படத்துக்காகத்தான் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் கேமராவைத் தூக்குகிறார்.

செங்கல்பட்டில் ஒரு தாய்மாமனை எடுத்துக்கொள்வோம். வேலை அரசு அலுவலகத்தில். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கொளவாய் ஏரிப் பக்கம் பறவைகளைப் படம் எடுக்கப் போய்விடுவார். அக்கா மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தம் செங்கல்பட்டு மண்டபத்தில். மாலை வரவேற்பு சுமார் 30 கி.மீ. தள்ளி, மாமல்லபுரம் கடற்கரையில். ``போட்டோகிராபர் வர்றார்தான். ஆனா நீ எடுக்குற மாதிரி வருமாடா?'' என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அவ்வளவுதான், தம்பிக்குத் தூக்கம் போய்விட்டது. புது கேமரா வாங்கலாமா, கடன் போடலாமா என்று இரவெல்லாம் போனில் வீடியோ பார்க்கிறார்.

அவர் எதை வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது?

முதல் செலவு கேமராவுக்கு அல்ல, லென்ஸுக்கு!

கல்யாண மண்டபம் நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும். கேமராவுக்கு அது அரை இருட்டு. அதிலும் அதிகாலை 4.30 - 6 முகூர்த்தம் என்றால் ஜன்னல் வெளிச்சமும் கிடையாது.

கேனான் ஆர்50 கேமராவோடு வரும் 18-45 லென்ஸை முழுதாக ஜூம் செய்தால், அதன் கண் எஃப்/6.3 அளவுக்குத்தான் திறக்கும். எஃப்/1.8 அளவுக்குத் திறக்கும் 50 எம்.எம். லென்ஸ் அதைப்போல சுமார் 12 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஒன்று ஜன்னலில் ஒருக்களித்த கதவு, மற்றொன்று விரியத் திறந்த வாசல். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய கேமராவில் இந்த 50 எம்.எம். லென்ஸை மாட்டினால், புது கேமராவில் கூடவே வரும் லென்ஸைவிட மண்டபத்துக்குள் நல்ல படம் தரும். பல கம்பெனிகளில் விலை குறைவான லென்ஸ்களில் ஒன்று இதுதான்.

வாங்கும் முன் ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும். நிக்கான் டி3000, டி5000 வரிசை கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. `ஏஎஃப்-டி' என்று போட்ட பழைய 50 எம்.எம். லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், ஒவ்வொரு படத்துக்கும் கையால் ஃபோகஸ் திருக வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் அது நடக்காத காரியம். `ஏஎஃப்-எஸ்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

50 மட்டும் போதுமா என்றால், போதாது. நடுத்தர விலைக் கேமராக்களின் சென்சார் சிறியது. அதில் 50 எம்.எம். லென்ஸ், ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 75 அல்லது 80 எம்.எம். போல நெருக்கிக் காட்டும். பாட்டியின் முகத்துக்கு அற்புதம். மணமேடையில் பத்துப் பேர் சூழ்ந்து நிற்கும்போது பின்னால் நகர இடமிருக்காது. அந்த நேரத்துக்குக் கேமராவோடு வந்த சாதாரண லென்ஸே உதவும். ஒன்று நெருக்கத்துக்கு, ஒன்று கூட்டத்துக்கு. இரண்டு லென்ஸ் போதும். மூன்றாவது வெறும் தோள்வலி.

புதுசுதான் வேண்டும் என்றால்...

கேனான் ஆர்50, நிக்கான் இசட்50-2, சோனி இசட்வி-இ10. கடையில் அமெச்சூர்கள் முன் முதலில் எடுத்து வைக்கப்படும் கேமராக்களில் இவையும் உண்டு. மூன்றுமே நல்ல படம் தருபவை. ஆனால், கல்யாண வீட்டுக்கு என்று வாங்கும்போது விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லாத சில விஷயங்கள் முக்கியம்.

ஆர்50-யின் தலையில் இருக்கும் ஃப்ளாஷ் பொருத்தும் இடம் புது வகை. வழக்கமான ஃப்ளாஷை அதில் நேரடியாகப் பொருத்த முடியாது. `ஏடி-இ1' என்ற அடாப்டர் தனியாக வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் இது தெரியவந்தால் வயிற்றைக் கலக்கும்.

இசட்வி-இ10 கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இல்லை. மாமல்லபுரம் மணலில் நல்ல வெயிலில் நிற்கும்போது பின்பக்கத் திரையில் எதுவுமே தெரியாது. அதன் இரண்டாம் பதிப்பில் இன்னொரு சிக்கல்: மெக்கானிக்கல் ஷட்டர் இல்லை என்பதால் ஃப்ளாஷே வேலை செய்யாது. வீடியோ எடுப்பவர்களை மனதில் வைத்துச் செய்த கேமரா அது.

ஒரே ஒரு கல்யாணத்துக்காக லட்சத்தைத் தொடும் செலவு தேவையா என்று தயங்குபவர்களுக்கு வாடகை நல்ல வழி. சென்னையில் கேமரா, லென்ஸ் வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன. அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். கல்யாணத்தன்று காலையில் எடுக்காமல் இரண்டு நாள் முன்பே எடுத்து, வீட்டுக் கூடத்தில் ராத்திரி பல்பு வெளிச்சத்தில் பிள்ளைகளை ஓடவிட்டு எடுத்துப் பழக வேண்டும். கைக்குப் பழகாத விலை உயர்ந்த கேமராவைவிட, இருட்டிலும் பட்டன் தெரியும் பழைய கேமரா மேல்.

எல்.இ.டி. என்னும் வில்லன்

மணமேடை அலங்காரத்தில் இப்போது ஊதாவும் இளஞ்சிவப்புமாக எல்.இ.டி. விளக்குகள். இவற்றில் பல, கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டே இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விநாடிக்கு 100 முறை துடிப்பு. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கேமரா மெனுவில் `ஆன்டி ஃப்ளிக்கர்' இருந்தால் அதையும் போட்டுவிடலாம்.

மந்திரம் சொல்லும்போது சத்தம் வேண்டாமே என்று `சைலன்ட் ஷட்டர்' போடுவார்கள் சிலர். நல்ல எண்ணம்தான். ஆனால், எல்.இ.டி. வெளிச்சத்தில் அது படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகளைப் போட்டுவிடும். நாகஸ்வரமும் தவிலும் முழங்கும் இடத்தில் ஷட்டர் சத்தம் யார் காதில் விழப்போகிறது?

மாலை மாற்றும்போதும் அட்சதை விழும்போதும் 1/200 வேகம் தேவை. அங்கே ஃப்ளாஷ் உதவும். முகத்துக்கு நேராக அடித்தால் பட்டுச்சேலை பளீரென்று வெளுத்து, நெற்றி வியர்வை மின்னும். தலையைத் திருப்பக்கூடிய ஃப்ளாஷாக இருந்தால், வெள்ளைக் கூரையை நோக்கி அடித்து, அங்கிருந்து திரும்பி வரும் மென்மையான வெளிச்சத்தில் எடுக்கலாம். கூரை மிக உயரமாகவோ, வண்ணத் துணியால் மூடியோ இருந்தால் இது பலிக்காது. அப்போது ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றத் தயங்க வேண்டாம். படத்தில் கொஞ்சம் புள்ளி தெரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கலங்கிய படத்தை எதுவும் காப்பாற்றாது.

நிறம் எப்படியும் தகராறு செய்யும். `ரா' வடிவத்தில் எடுத்தால் பிறகு சரிசெய்யலாம். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா படம் 30 எம்.பி. வரை வரும். 1,500 படம் எடுத்தால் 45 ஜி.பி. ஆகவே, 64 ஜி.பி. கார்டு இரண்டு; பேட்டரி குறைந்தது இரண்டு. மிரர்லெஸ் கேமராக்கள் பேட்டரியை வேகமாகக் குடிக்கும்.

கடற்கரைக்குப் போகும் முன்...

மாமல்லபுரம் கிழக்குக் கடற்கரை. சூரியன் கடலிலிருந்து எழும், ஊர்ப்பக்கம் மறையும். மாலையில் மணமக்கள் கடலுக்கு முதுகு காட்டி நின்றால், மறையும் சூரியனின் மஞ்சள் வெளிச்சம் நேராக முகத்தில் விழும். பின்னால் நீலக் கடல். இதற்கு ஃப்ளாஷும் வேண்டாம், செலவும் இல்லை. அரை மணி நேரம்தான் நீடிக்கும் என்பதால் அலங்காரம் முடியத் தாமதமாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் அதே இடத்தில் நின்றால், எதிர்வெளிச்சத்தில் முகம் இருண்டுவிடும்.

ஏ.சி. அறையிலிருந்து கேமராவைச் சட்டென்று கடற்காற்றுக்குக் கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும். அதைத் துடைத்துத் துடைத்தே பத்து நிமிடம் போய்விடும். அறையை விட்டுக் கிளம்பும் முன் கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடி, வெளியே வந்து சூடு சமமான பிறகு எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. மணலில் நின்று லென்ஸ் மாற்றவே கூடாது. ஒரு மணல் துகள் போதும், செலவு வைக்க. வீடு திரும்பியதும் லேசாக ஈரமான துணியால் உடல் பகுதியைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைக்க வேண்டும். உப்பை அப்படியே விட்டால் அரிக்கும். ஈரத்தை விட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும்.

கடற்கரைக் கோயில் முன் ஜோடியாக ஒரு படம் எடுக்க எல்லோருக்குமே ஆசை. 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம் அது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கான 1959-ம் ஆண்டு விதிகளின்படி, அனுமதி இல்லாமல் உள்ளே கேமரா ஸ்டாண்ட் பயன்படுத்தக் கூடாது. கையில் பிடித்து எடுப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கல்பாக்கம் அணுமின் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால், ட்ரோன் பறக்கவிடும் ஆசை இருந்தால் `டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் அந்த இடம் எந்த நிற மண்டலத்தில் வருகிறது என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

கல்யாணம் கைகூட வேண்டி மாலையோடு போய்வரும் திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயிலும் இதே கடற்கரைச் சாலையில்தான். நேர்த்திக்கடன் செலுத்தப் புதுமணத் தம்பதியோடு போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. எந்தக் கோயிலாக இருந்தாலும் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கேமராவை எடுப்பதே மரியாதை.

போட்டோகிராபரின் வயிற்றில் அடிக்காமல்...

பணம் கொடுத்து வைத்திருக்கும் போட்டோகிராபருக்கு முன்னால் போய் நிற்பதுதான் உறவுக்கார கேமராமேன்கள் செய்யும் பெரிய தவறு. காலையிலேயே அவரிடம் போய், ``அண்ணே, நீங்க எங்க நிக்கப் போறீங்க? நான் அந்தப் பக்கம் வரல'' என்று ஒரு வார்த்தை சொன்னால் நாள் முழுக்கச் சண்டை இல்லை. மேடை அவருடையது. மேடைக்குக் கீழே இருக்கும் கல்யாணம் மாமாவுடையது. மணமகள் அறையில் பூ வைத்துவிடும் சித்தி, சமையல்கட்டில் வியர்க்க நிற்கும் சமையல்காரர், பந்தியில் இலை போடும் பையன்கள், தூணோரம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அப்பா. போட்டோகிராபருக்கு இவர்கள் யாரென்று தெரியாது. மாமாவுக்குத் தெரியும். எந்தக் கடையிலும் விற்காத லென்ஸ் அது.

முடிந்ததும் படங்களை இரண்டு இடத்தில் பிரதி எடுத்துவிட்டுத்தான் கார்டை அழிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது `டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் தரம் குறையாது.

கடைசியாக ஒன்று...

பட்டம் கட்டும் நேரம் வருகிறது. ஐயர், ``தாய்மாமன் எங்கே?'' என்று கூப்பிடுகிறார். அந்த நேரத்தில் மாமா கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு, ``ஒரு நிமிஷம் சாமி'' என்று சொன்னால், அவர் எடுத்த 1,500 படங்களும் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாகாது. பல வீட்டு ஆல்பங்களில் மாமா இல்லாததற்குக் காரணம், எல்லாப் படத்தையும் அவரே எடுத்ததுதான்.

அதனால் லென்ஸ், பேட்டரி, கார்டு எல்லாம் எடுத்து வைத்த பிறகு பட்டியலில் கடைசியாக ஒரு பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும். பத்தாவது படிக்கும் மகனோ, அண்ணன் மகளோ... யாராவது ஒருவர். எல்லாவற்றையும் ஆட்டோவில் வைத்து, எந்தப் பட்டன் என்று முதல் நாளே காட்டிக் கொடுத்துவிட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கேமராவை அந்தக் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு மாமா மேடையேறிவிடலாம்.

அந்தப் பிள்ளை எடுக்கும் படம் கொஞ்சம் சாய்ந்திருக்கலாம், ஓரத்தில் யாருடைய கையாவது மறைத்திருக்கலாம். இருபது வருடம் கழித்து அக்கா மகள் ஆல்பத்தைப் புரட்டும்போது விரல் நிற்கப்போவது அந்தப் படத்தில்தான்.